தொப்பைக்கு வந்த வாழ்வு

சென்ற வாரம், குறுக்கே வந்த சைக்கிளுக்காக பிரேக் டீச்சர் ஒரு பிரேக் போட்டாள். அந்த வேகத்தில் அவள் சட்டைக்குள்ளிருந்து ஒரு ஸ்பாஞ்ச் உருண்டை நழுவி, கியர் கம்பியின் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஓட்டப் பழகிக்கொண்டிருந்த வங்கி மேலாளர் அதைக் குனிந்து எடுத்து, கையெழுத்து பொருந்தாத காசோலையைத் திருப்பிக் கொடுக்கும் அதே மரியாதையோடு, "மேடம், உங்களோடது" என்று நீட்டினார். அங்கேதான் விட்டிருந்தோம்.

வங்கி மேலாளர் கண்ணியமானவர். அதற்குமேல் மூச்சு விடவில்லை. வண்டியை நேராக ஓட்டினார். இடதுபக்கம் திரும்பச் சொன்னபோதும் நேராகவே ஓட்டினார். அடுத்த ஊர் வந்து, அந்த ஊர் நாய் குரைத்த பிறகுதான் இருவருக்கும் சுயநினைவு திரும்பியது.

அன்று சாயங்காலமே டீச்சர் டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அந்த நாள் இன்று.

இந்தப் பக்கத்தை இன்றுதான் புரட்டியவர்களுக்காகச் சொல்லிவிடலாம். பிரேக் டீச்சர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் வண்டியில் இரண்டு பிரேக் உண்டு; ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டீச்சர் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்தே ஊர் ஜனத்தொகையில் பாதியைக் காப்பாற்றியவள் அவள். காப்பாற்றப்பட்டவர்களுக்கு அது தெரியாது. அதுதான் நல்ல பிரேக்கின் லட்சணம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி. மார்பை எடுத்தார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள். அப்புறம் பார்த்த பரிசோதனை எல்லாமே சுத்தம். ஆனால் உடம்பின் ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் மைதானமுமாக நின்றுவிட்டது.

மைதானத்தைப் பார்த்ததும் அவள் கணவர் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் சோபா தைப்பவர். ஊரே அவரைச் சோபா என்றுதான் கூப்பிடும். அழப் போயிருக்கிறார் என்று டீச்சர் நினைத்தாள். அழுதுகொண்டே ஒரு பஞ்சு மார்பு செய்துகொண்டு வந்தார்.

முதலாவது தியேட்டர் நாற்காலி ஃபோமில் செய்தது. நெஞ்சு முன்னால் வரும், டீச்சர் பின்னால் வருவாள். இரண்டாவது இறகுத் தலையணை ரகம். சாய்ந்தால் அப்படியே தூக்கம் வரும். மூன்றாவதுக்கு வெல்வெட் உறை, ஓரத்தில் தங்க நூல். "இதை யார் பாக்கப் போறாங்க?" என்று டீச்சர் கேட்டதற்கு, "நமக்குன்னு ஒரு தரம் இருக்குல்ல" என்றார். வங்கி மேலாளர் கையில் கிடைத்தது ஆறாவது.

அந்த ஆறையும் டீச்சர் ஒரு துணிப்பையில் போட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். சில பேருக்கு நகை. அவளுக்கு இது.

சரி, இன்றைய கதைக்கு வருவோம். காலையில் வண்டியை எடுத்தபோது வாசலில் அக்கா நின்றாள்.

அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள். எந்த வண்டி எந்த மேடையில் வரும், எவ்வளவு தாமதம் என்று ஒலிபெருக்கியில் வரும் குரல் அவளுடையது. வீட்டில் அவள் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அவளுக்கும் எட்டு வருஷத்துக்கு முன் இதே நோய். வலது மார்பை எடுத்தாகிவிட்டது. அவள் பஞ்சும் வைத்துக்கொள்ளவில்லை, உள்ளே சிலிக்கான் பையும் வைத்துக்கொள்ளவில்லை. "கைப்பையைக் குறுக்கே மாட்டினா இப்பத்தான் நழுவாம உக்காருது" என்று உள்ளதை உள்ளபடி காட்டிக்கொண்டு நடந்தாள். அப்போது டீச்சர்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ சிங்கம்" என்று சொன்னாள். சொன்னது மனசார.

வினையே அங்கேதான். சிங்கத்தின் தங்கைக்கு மார்பு வேண்டும். ஆசையாக, ராத்திரி தூக்கத்தில் கனவு வரும் அளவுக்கு வேண்டும். இதை எந்த வாயால் அக்காவிடம் சொல்வது? சொன்னால், "அப்போ நான் இருக்கிற இருப்பு உனக்குக் குறையா தெரியுதா?" என்று கேட்டுவிட்டால்?

அதனால் ஒரு பொய் சொல்லிவைத்திருந்தாள். "சும்மா விவரம் கேட்டுட்டு வரேன்கா. பண்ணிக்கிறதா எல்லாம் இல்ல."

"விவரம்தானே? நானும் வரேன். நீ பாதி மறந்துட்டு வருவ" என்று அக்கா முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

முன் இருக்கை என்றால் எது? இரண்டாவது பிரேக் உள்ள இருக்கை.

டீச்சர் ஓட்டினாள். அக்கா நிறுத்தினாள். தபால் பெட்டிக்கு ஒரு பிரேக், மழைத்தண்ணீருக்கு ஒரு பிரேக், யாரோ ஒருவர் ஜன்னலில் துணி உதறியதற்கு ஒரு பிரேக்.

"அக்கா, அந்த நாய் ரோட்டுக்கு அந்தப் பக்கம் படுத்துத் தூங்குது."

"எழுந்துட்டா?"

பின் இருக்கையிலிருந்து சோபா கையை நீட்டினார். கையில் பன். பன்னுக்கு நடுவில் விரல் தடிமன் வெண்ணெய்.

"இப்பத்தானே சாப்பிட்டேன்" என்றாள் டீச்சர்.

"அது காலைச் சாப்பாடு. இது தனி."

மூன்று மாதமாக இதே பாடு. எழுந்தால் முட்டை, உட்கார்ந்தால் பாதாம், படுக்கப் போனால் பாலாடையோடு பால். டீச்சரின் வயிறு நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து, இப்போது ஸ்டியரிங்கோடு நேரடிப் பேச்சுவார்த்தையில் இருந்தது. நோயில் இளைத்தவளைத் தேற்றுகிறார், பாவம், பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் அந்தத் தொப்பையைப் பார்க்கிற பார்வையில் பாசத்தோடு வேறு ஏதோ ஒரு திருப்தியும் இருந்தது. கிடங்கு நிறைந்த வியாபாரியின் திருப்தி.

மருத்துவமனையில் அந்த டாக்டர் அம்மா குட்டையாக, சுறுசுறுப்பாக இருந்தார். சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து, மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரே உந்தில் போய்வந்தார். டீச்சருக்கு அவரைப் பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. வளைவில் தடுமாறவே இல்லை.

"சர்க்கரை, ரத்தக் கொதிப்பு?"

"ரெண்டும் கிடையாது டாக்டர்" என்றாள் அக்கா.

"ரத்தம் இளக்கிற மாத்திரை, மூலிகை மாத்திரை, உடம்பு தேத்துற பொடி, ஏதாவது?"

"கிடையாது" என்றாள் அக்கா. வெளியே வராந்தாவில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள், தங்கள் பெயரைத்தான் கூப்பிட்டார்கள் என்று.

"புகை?"

"வண்டிப் புகை மட்டும்."

டாக்டர் பேனாவை அக்கா பக்கம் ஆட்டினார். "அது முக்கியம், அதான் கேக்கிறேன். புகையிலை எந்த ரூபத்துல இருந்தாலும் ரத்தக்குழாய் சுருங்கிடும். வெச்சது பிடிக்காது. வீட்ல பக்கத்துல உக்காந்து யாராவது பிடிச்சாக்கூட ஆகாது."

பிறகு ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார்.

"மூணு வழி இருக்கு. ஒண்ணு, உள்ள சிலிக்கான் பை வைக்கிறது. சின்ன ஆபரேஷன், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனா அது ஆயுசு பூரா அப்படியே இருக்கும்னு நெனைக்கக் கூடாது. கிழியலாம், சுத்தி இறுகிப்போகலாம், சில வருஷம் கழிச்சு மாத்த வேண்டி வரலாம். அப்பப்போ படம் எடுத்துப் பாக்கணும். அதுவும் உங்களுக்குக் கதிர் குடுத்த இடம். அந்தத் தோல் இழுத்தா குடுக்காது. பை வெச்சா தொந்தரவு வர வாய்ப்பு ஜாஸ்தி."

"வெயில்ல கிடந்த ரெக்ஸின் மாதிரி" என்றார் சோபா, தொழில்முறை அனுதாபத்தோடு.

"ரெண்டாவது, உங்க உடம்புல இருந்தே எடுத்துப் பண்றது. அடிவயித்துத் தோலையும் கொழுப்பையும் அதோட ரத்தக்குழாயோட எடுத்து, நெஞ்சுல இருக்கிற குழாயோட மைக்ரோஸ்கோப்புல பாத்துத் தைப்போம். காலையில உள்ள போனீங்கன்னா வெளிய வரப்ப சாயங்காலம் ஆயிடும். ஏறக்குறைய ஒரு வாரம் இங்க இருக்கணும். ஒண்ணரை மாசம் கார் ஓட்டக் கூடாது, கனமா எதுவும் தூக்கக் கூடாது."

"மூணாவது?"

"ஒண்ணும் பண்ணாம இருக்கிறது. அதுவும் முழுசான ஒரு வழிதான். உங்க அக்கா மாதிரி."

அக்கா நாற்காலியில் ஒரு அங்குலம் உயர்ந்தாள்.

டாக்டர் டீச்சரைக் கட்டிலில் படுக்கச் சொல்லி, ஸ்டூலோடு உருண்டு வந்து அடிவயிற்றை இரண்டு கையாலும் கிள்ளிப் பார்த்தார். மேலே கிள்ளினார், கீழே கிள்ளினார், ஓரத்தில் கிள்ளினார்.

"நெறைய இருக்கே" என்றார்.

சோபாவின் முகம் விளக்குப் போட்ட ஷோரூம் ஆகிவிட்டது. "எல்லாம் நம்ம கைவண்ணம்தான் டாக்டர்."

"என்னது?"

"மூணு மாசம் முன்னாடி, சோபா தைக்கக் குடுத்த ஒருத்தங்க சொன்னாங்க. இந்த ஆபரேஷனுக்கு வயித்துல இருந்துதான் எடுப்பாங்கன்னு. வேலை நடுவுல சரக்கு பத்தலைன்னா எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும் டாக்டர். ஒரு தடவை மூணு சீட் சோபாவுக்கு ரெண்டரை சீட்டோட ஃபோம் தீர்ந்து போச்சு. அந்த நிலைமை உங்களுக்கு வரக் கூடாதுன்னு அன்னியில இருந்தே ஸ்டாக் ஏத்திட்டேன்."

கட்டிலில் படுத்திருந்த டீச்சர் மெதுவாகத் தலையைத் தூக்கிக் கணவரைப் பார்த்தாள். முட்டை, பாதாம், பாலாடை, வெண்ணெய் பன், எல்லாம் வரிசையாக அவள் கண் முன்னே அணிவகுத்துப் போயின.

"அப்போ அது பாசம் இல்லையா?"

"பாசம்தான். பாசத்தோட முன்யோசனை."

டாக்டர் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் தானாக உருண்டு சுவரில் போய் முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப உருண்டு வந்தார். அப்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

"சார், சோபாவுக்குத்தான் அடைக்கணும். இங்க கொழுப்பு இல்ல கணக்கு, அதுக்குள்ள ஓடுற ரத்தக்குழாய்தான் கணக்கு. அதை ஸ்கேன் எடுத்துப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன். எடை ஏற ஏறக் காயம் ஆறாது, சீழ் பிடிக்கும், மயக்க மருந்துலயும் ஆபத்து. நீங்க ஏத்தினதை இறக்கிட்டு வாங்க. இறங்கி, ஒரே அளவுல நின்னப்புறம்தான் தேதி."

சோபா கையிலிருந்த பன் பொட்டலத்தைப் பார்த்தார். குற்றத்தின் தடயம் போல அது இருந்தது.

"இருந்ததே போதுமா டாக்டர்? அவ முன்னாடி இருந்த வயிறே?"

"தாராளமா."

டீச்சர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள். பத்து வருஷமாக அதைத் திட்டியிருக்கிறாள். உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறாள். பெல்ட் போட்டு நெரித்திருக்கிறாள். அது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், என்றைக்காவது உதவுவோம் என்று கூடவே இருந்திருக்கிறது. எத்தனை உறவுகள் அப்படி இருக்கும்?

அவள் எழுந்து உட்கார்ந்ததும் டாக்டர் கேட்டார். "சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

"அவளுக்கு ஒண்ணும் வேணாம் டாக்டர்" என்றாள் அக்கா. "சும்மா விவரம் தெரிஞ்சுக்கலாம்னு வந்தோம்."

"நான் உங்களைக் கேக்கலைங்க."

டீச்சரின் வலது கால் கட்டிலுக்குக் கீழே காற்றில் பிரேக்கைத் தேடியது. இல்லை. ஆயிரம் பேருக்கு அவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்: பயம் வந்தால் கண்ணை மூடாதே, ரோட்டைப் பார். அவள் அக்காவைப் பார்த்தாள்.

"எனக்கு வேணும்" என்றாள்.

அக்காவின் புருவம் ஏறியது.

"எனக்கு வேணும்கா. விவரம் கேக்க வரலை, பண்ணிக்கத்தான் வந்தேன். சீட் பெல்ட் போட்டா அது நழுவாம நேரா உக்காரணும். குனியறப்ப கையை நெஞ்சுல வெச்சுக்காம குனியணும். பிரேக் போடறப்ப, எதிர்ல வர்றவன் பொழைப்பானான்னு மட்டும் நெனைக்கணும், என்ன கீழ விழுந்துச்சுன்னு இல்ல. அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."



டாக்டர் ஸ்டூலைக் கட்டிலுக்குக் கிட்டே கொண்டுவந்தார். "வேணும்னு சொல்லிட்டீங்க. அப்போ எது கிடைக்காதுங்கிறதையும் கேட்டுக்கோங்க. பழையது திரும்ப வராது. துணி போட்டா யாருக்கும் தெரியாது, துணி இல்லாம உங்களுக்குத் தெரியும். நெஞ்சுல தழும்பு இருக்கும், வயித்துல இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்பு வரைக்கும் தழும்பு இருக்கும். தொட்டா உணர்ச்சி முக்கால்வாசி இருக்காது. கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நூறு பேர்ல ரெண்டு மூணு பேருக்கு அந்தக் குழாய் அடைச்சுக்கும். அவசரமா திரும்பத் திறக்கணும். சமயத்துல வெச்சதையே எடுத்துட வேண்டி வரும். ஒரே ஆபரேஷன்ல முடியாது, வடிவத்துக்குச் சின்னதா இன்னொண்ணு, காம்புக்கு இன்னொண்ணு. மத்தப் பக்கத்தையும் கொஞ்சம் தூக்கிச் சமமாக்க வேண்டி இருக்கலாம்."

"கட்டிப் பிடிச்சா அவளுக்குத் தெரியாதா டாக்டர்?" என்றார் சோபா மெதுவாக.

"ஓரத்துல தெரியும். நடுவுல தெரியாது."

"பரவாயில்ல. எனக்குத் தெரியும்ல."

"நான் உங்களுக்காகவா பண்றேன்?" என்றாள் டீச்சர். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வெண்ணெய்க் கை. வழுக்கியது. விடவில்லை.

"இன்னும் நீங்க என்கிட்ட கேக்கவே இல்லையே" என்றார் டாக்டர். "இதுவரைக்கும் எத்தனை பண்ணியிருக்கேன், எத்தனை சரியா வரலைன்னு. செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குறோம். நெஞ்சைக் குடுக்கிற எடத்துல வாயைத் திறக்க மாட்டேங்கிறோம்."

டீச்சர் கேட்டாள். டாக்டர் சொன்னார். சரியாக வந்தவர்களின் படங்களைக் காட்டினார். முகம் இல்லாத படங்கள். பிறகு சரியாக வராதவர்களின் படங்களையும் காட்டினார். இந்த இரண்டாவது கட்டுப் படங்களைப் பார்த்த பிறகுதான் டீச்சருக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. தன் வண்டியின் நசுங்கலைத் தானே காட்டும் ஓட்டுநரை நம்பலாம்.

"கடைசியா ஒண்ணு" என்று டாக்டர் தாளின் மூலையில் எதையோ எழுதினார். "அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. அதனால ஒரு மரபணுப் பரிசோதனை எழுதறேன், ரத்தம் குடுத்தா போதும். அதுல ஏதாவது இருந்தா அடுத்த பக்கத்தையும் சேத்து யோசிக்கணும். ஏன்னா வயித்துல இருந்து ஒரு தடவைதான் எடுக்க முடியும். இன்னிக்கு ஒரு பக்கத்துக்குச் செலவு பண்ணிட்டா, நாளைக்கு இன்னொரு பக்கத்துக்கு வயிறு கிடையாது."

"பாத்தியா" என்றார் சோபா, யாரிடம் என்றில்லாமல். "ஸ்டாக்."

டாக்டர் ஸ்டூலை அக்கா பக்கம் திருப்பினார். "நீங்க? உங்களோட அடுத்த பக்கத்துக்கு மேமோகிராம் கடைசியா எப்ப எடுத்தீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். மணி என்ன என்று கேட்பதுபோல.

அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். மழை, வெள்ளம், மின்சாரம் போன ராத்திரி என்று எதிலும் நிற்காத குரல் அது. அந்த நிமிஷம் நாட்டில் உள்ள அத்தனை ரயிலும் அந்தரத்தில் நின்றிருக்கும்.

"போன... அதுக்கு முந்தின..." என்றாள். மேலே வரவில்லை.

கூடப் போகாத ஒவ்வொரு வருஷமும் டீச்சர் கேட்பாள், "பாத்துட்டியாக்கா?" ஒவ்வொரு வருஷமும் அக்கா சொல்வாள், "எல்லாம் பாத்தாச்சு, எல்லாம் சுத்தம்."

டாக்டர் யாரையும் அதட்டவில்லை. இன்னொரு சீட்டு எழுதினார். "இங்க எங்க மெஷின் ரிப்பேர்ல இருக்கு. கேட்டைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினா ரெண்டாவது கட்டடம் ஸ்கேன் சென்டர். சாயங்காலம் வரைக்கும் திறந்திருக்கும். நேத்து எடுத்திருந்தா நல்லது. இன்னிக்கு எடுத்தாலும் நல்லது."

வராந்தாவில் சோபா தண்ணீர் வாங்கப் போனார். அக்காவும் தங்கையும் நீள பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் கடிகாரத்துக்கு வேலை செய்ய மனசில்லை.

"கோவமாக்கா?"

"ஆமா."

"உனக்கு இது பிடிக்கலைன்னு தெரியும். நீ இருக்கிற இருப்பு குறைன்னு நான் ஒரு நாளும்..."

"ஏய், நிறுத்து" என்றாள் அக்கா. "எனக்கு வேணாம்னா வேணாம். அது நிஜம். மல்லாந்து படுத்தா எனக்கு மேல காத்து எவ்வளவு தாராளமா போகுது தெரியுமா? உனக்கு வேணும்னா வேணும். அதுவும் நிஜம். இதுல யார் யாருக்குக் கொறஞ்சா? என் கோவம் அதுக்கில்ல. என்கிட்ட போய் 'சும்மா விவரம்'னு சொன்னியே, அதுக்கு."

"நீ மட்டும்? 'எல்லாம் சுத்தம்'?"

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

"மொதல் அஞ்சு வருஷம் ஒழுங்காத்தான்டி போனேன். அந்த மெஷின்ல நின்னு, அது நசுக்கறப்ப, கால் ரெண்டும் தந்தி அடிக்கும். வெளிய வந்தா நீ நிப்ப. 'சிங்கம் வந்தாச்சு'ம்ப. சிங்கத்துக்குக் கால் நடுங்கலாமா? ஒரு வருஷம் நீ ஊர்ல இல்ல. போகாமலே போய்ட்டு வந்தேன்னு சொன்னேன். சுலபமா இருந்துச்சு. அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

பாராட்டு என்று நினைத்து எட்டு வருஷத்துக்கு முன் போட்ட மாலை, அக்காவின் கழுத்தில் எவ்வளவு கனத்துக் கிடந்திருக்கிறது.

"என் கட்டியை யார் கண்டுபிடிச்சா?" என்று கேட்டாள் டீச்சர்.

"டாக்டர்தான்."

"நீதான். நான் டெஸ்டுக்கு வரமாட்டேன்னேன். கிளாஸ் இருக்குன்னேன். நீ வாசல்ல நின்னு, 'கவனிக்கவும்'னு ஆரம்பிச்சு என் உடம்பு விஷயத்தைத் தெரு பூரா அறிவிச்ச. மானம் போகுதேன்னு செருப்பைக்கூட பாக்காம மாட்டிட்டு ஓடி வந்தேன். ரெண்டு கால்லயும் வேற வேற செருப்புன்னு நர்ஸ்தான் சொன்னாங்க. கட்டி கடுகு அளவு இருக்கிறப்பவே சிக்கிச்சு. இன்னிக்கு நான் உக்காந்து 'மார்பு வேணும், பை வேணாம், வயிறு போதும்'னு கடையில துணி பாக்கிற மாதிரி பேசறேனே, பேச நான் இருக்கேனே, அது நீ குடுத்த உயிர்க்கா."

அக்கா எதிர்ச் சுவரையே பார்த்தாள். "கடுகு இல்ல. மிளகு" என்றாள்.

"சரி, மிளகு."

"ரெண்டும் ஒரே செருப்புதான் போட்டிருந்த. இடது வலது மாத்திப் போட்டிருந்த. அவ்வளவுதான்."

"அதான் நடக்கறப்ப அப்படி வலிச்சுதா?"

அக்கா சிரித்துவிட்டாள். வராந்தாக் கோடியில் யாரோ மருந்துச் சீட்டைக் கீழே போட்டார்கள்.

சோபா தண்ணீரோடு வந்தார். பன் பொட்டலம் பாதியாகக் குறைந்திருந்தது. மீசையில் வெண்ணெய்.

"இது என்ன?" என்றாள் டீச்சர்.

"உனக்குக் கூடாதுன்னுட்டாங்க. குப்பையில போட முடியுமா? நான் தாங்கிக்கிறேன்" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "ஒருவேளை பின்னாடி உனக்குப் பத்தலைன்னா..."

"உங்களுதை எனக்கு வைக்க மாட்டாங்க."

"கேட்டுப் பாக்கலாமே" என்றார் அவர். அதில் விளையாட்டு துளியும் இல்லை. அந்த மனிதரிடம் தோலையும் கொழுப்பையும் கேட்டிருந்தால், அங்கேயே பெஞ்சில் படுத்திருப்பார். டீச்சர் தன் கைக்குட்டையால் அவர் மீசையைத் துடைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் அவரிடம் காட்டிய அதிகபட்சப் பொது இட அன்பு அதுதான். சோபா கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

மூவரும் வண்டியில் ஏறினார்கள். டீச்சர் ஸ்டியரிங்கில். சோபா பின்னால். அக்கா முன்னால், அதே இருக்கையில், இரண்டாவது பிரேக்கின் மேல்.

கேட் வந்தது. வலதுபக்கம் திரும்பினால் வீடு. இடதுபக்கம் ஸ்கேன் சென்டர்.

டீச்சர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அக்கா வேண்டாம் என்பாள். சொன்ன சொல்லை மாற்றமாட்டாள், அவள் பரம்பரை அப்படி. டீச்சரும் அதே பரம்பரைதான். இண்டிகேட்டரை இடதுபக்கம் போட்டாள்.

டிக். டிக். டிக்.

அக்காவின் செருப்பு பிரேக்கின் மேல் ஏறும் சத்தம் கேட்டது. டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. ஆயிரம் கால்களின் பயத்தை அவள் சத்தத்திலேயே படித்திருக்கிறாள். ரப்பர் தகட்டில் பாதம் பதிந்தது. ஒரு அழுத்து போதும். வண்டி அங்கேயே நின்றுவிடும், அக்கா இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடுவாள்.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சோபா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பன்னைக்கூட மெல்லவில்லை.

"கால் நடுங்கினா வெளிய வந்து என்ன சொல்லுவ?" என்று கேட்டாள் அக்கா, முன்னால் பார்த்தபடியே.

"கால் நடுங்குதுன்னு சொல்லுவேன்."

"சிங்கம் கிங்கம்னு ஒண்ணும் கிடையாதே?"

"கிடையாது. கையை மட்டும் பிடிச்சுக்கிறேன்."

பிறகு அந்தச் செருப்பு பிரேக்கிலிருந்து மெல்ல இறங்கியது. இருக்கைக்கு அடியில், எட்டாத தூரத்துக்குப் போய் மடங்கிக்கொண்டது.

பல்லாயிரம் பேரிடம் பல்லாயிரம் முறை ஒலிபெருக்கியில் சொன்ன அந்த வாக்கியத்தை, முதல்முறையாக ஒரே ஒருத்திக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"தாமதத்துக்கு வருந்துகிறோம்."

டீச்சர் கிளட்சை விட்டாள். வண்டி இடதுபக்கம் திரும்பியது.